கத்தரி பிடிக்கும் கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உனக்கு வராது' என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். கோபம் வந்துவிட்டால் அந்தக் காரியம் எப்படியும் எனக்கு வந்துவிடும். முடி வெட்டுவது அப்படித்தான் வந்தது, ஸ்கூட்டர் ஓட்டுவது அப்படித்தான் வந்தது, இப்போது கிட்டாரும் வந்திருக்கிறது. அது வந்த விதத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. முதல் ஆளாகச் சிரித்தவரை நான் ஏற்கெனவே கவனித்துக்கொண்டேன்.

நான் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. அவருடைய கூட்டாளிகள் அவரை 'சுருதி' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் எது விழுந்தாலும் மனுஷர் அதற்குச் சுருதி பார்ப்பார். குக்கர் விசில் அடித்தால் அது போன வாரத்தைவிட இறங்கியிருக்கிறது என்பார். காலிங் பெல் அடித்தால் கதவைத் திறக்கப் போக மாட்டார், பெல் அபசுரமாக அடிக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருப்பார். வந்தவர் வெளியே நின்றுகொண்டிருப்பார். எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டு நான்தான் போய்த் திறந்திருக்கிறேன்.

கிட்டார் அவருக்கு உயிர். மேடை கீடை எல்லாம் பெரிதாக ஒன்றும் கிடையாது. கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்தால் வாசிப்பார், அவ்வளவுதான். ஆனால் அவரே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. வார்த்தை கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்கவைக்கக் கட்டியது. மகள் வளர்ந்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். இவர் அந்த மெட்டை விடவில்லை. சாயங்காலம் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார். நான் எதிரில் உட்கார்ந்து துணி மடிப்பேன்.

அப்புறம் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவருடைய இடது கையில் வந்து இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, கையில் கட்டோடு, கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக் கிட்டாரின் கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். கிட்டாரை அலமாரி மேலே ஏற்றினார். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அச்சகத்தில் வேறு வேலை கொடுத்தார்கள், போனார், வந்தார். என்னோடு பேசினார், சிரிக்கக்கூடச் செய்தார்.

ஆனால் சுருதி பார்ப்பதை விட்டுவிட்டார். குக்கர் தொண்டை கட்டினதுபோல் கத்தும். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காலிங் பெல் அடிக்கும். பேசாமல் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். விரல் போனதற்கு நான் ஆஸ்பத்திரியிலேயே அழுது முடித்துவிட்டேன். இது வேறு. ஆளே போய்விட்டார், உடம்பு மட்டும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

டிரம்ஸ் வாசிக்கும் கூட்டாளி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். காபி போட்டு எடுத்துப் போவதற்குள் முன்னறையில் பெரிய சண்டை. நான் தட்டோடு வெளியே வந்தபோது அந்தப் பாவம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். வேலையற்ற பேச்சு என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார் இவர். அதற்குப் பிறகு அந்தக் கூட்டாளி வரவே இல்லை.

இந்த வருஷம் கோடை தொடங்கும்போது ஒரு சாயங்காலம், ஏதோ பழைய பேப்பர் போடுகிற விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கும் கடைக்காரரிடம் பேசிவிட்டாராம், அவர் வந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு போவாராம். எனக்குச் சுருக்கென்றது. அது அலமாரி மேலே தூசி படிந்து கிடந்தாலும், வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும் இந்த மனுஷர் திரும்பி வருவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது வாசலைத் தாண்டினால் அதோடு அவரும் போய்விடுவார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அதைக் குடுக்க முடியாது. நான் கத்துக்கப்போறேன்."

"நீயா?" என்று சிரித்தார். அப்படி மனசு விட்டுச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, அதுவும் என்னைப் பார்த்து. "உனக்கு வராதும்மா. இது சீப்பு இல்ல."

சொல்லிவிட்டாரா? அவ்வளவுதான், நான் முடிவு செய்துவிட்டேன். அங்கேயே நிற்கவைத்து ஒப்பந்தம் பேசினோம். கோடை முடியும்வரை கடைக்காரரை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நான் ஒரு பாட்டை முழுசாக வாசித்துக் காட்டினால் கிட்டார் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் போகும், நான் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் அந்தச் சத்தம் வேண்டாம், காதில் விழுந்தால் தாங்காது என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். சரி, நானாகக் கூப்பிடும்வரை என் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் ஒன்று போட்டேன். மறுநாள் காலையில் கிட்டார் ஸ்கூட்டரில் என் கடைக்கு வந்துவிட்டது.

வாத்தியாரை மகள் போனில் அனுப்பி வைத்தாள். இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்துகிற ஆள். எப்போதும் தொப்பி போட்டிருப்பார், வெயில் படாத அறைக்குள் எதற்குத் தொப்பி என்று தெரியவில்லை. தண்ணீர் திறந்துவிட்டதுபோல் பேசுவார். அவர் பேசுவதில் ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்காது, ஏனென்றால் என் கடையில் எந்த நேரமும் முடி உலர்த்தும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கேட்காவிட்டால் என்ன? கையைப் பார்த்தால் போதாதா? நான் தொழில் கற்றதே அப்படித்தான். என் முதலாளியம்மா வாயைத் திறந்து எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் கஸ்டமருக்குப் பின்னால் நிற்பார், நான் அவருக்குப் பின்னால் நிற்பேன், கண்ணாடியில் தெரிகிற அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வலப்பக்கம் தெரிகிற கை செய்வதை என் வலது கை செய்யும், இடப்பக்கம் தெரிகிற கை செய்வதை இடது கை செய்யும். வார்த்தை எதற்கு? அதனால் தொப்பிக்காரரின் சத்தத்தை மொத்தமாக அடைத்துவிட்டு, போனை ஒரு முடிக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியின் நடுவில் ஒட்டவைத்தேன். பக்கத்திலேயே கண்ணாடியில் நான். அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ, என் பிம்பமும் அச்சு அசலாக அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இதைவிடச் சரியாக யாரால் கற்க முடியும்?

முதலில் கம்பி மாட்ட வேண்டும். அதற்கும் தொப்பிக்காரரிடம் ஒரு பாடம் இருந்தது. கிட்டாரை மடியில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி, தடித்த கம்பி மேலே, மெல்லிசு கீழே என்று வரிசையாக மாட்டினேன். கிட்டாரின் நீண்ட கழுத்து முடிகிற இடத்தில் எலும்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, கம்பிகள் அதில் உள்ள பள்ளங்களில் உட்கார வேண்டும். தடித்த கம்பி உட்காரவே இல்லை, பள்ளம் ரொம்பக் குறுகல். சும்மா விடுவேனா? நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், உட்கார்ந்துவிட்டது. மெல்லிய கம்பிக்கோ பள்ளம் பெரிதாகி லொடலொடவென்று ஆடியது. செயற்கை நகம் ஒட்டுகிற தூளும் பசையும் வைத்துப் பள்ளத்தை அடைத்து, காய்ந்ததும் மெல்லிசாக ஒரு கோடு கீறினேன். கச்சிதம். செய்த கம்பெனிக்காரன் இவ்வளவு கவனக்குறைவாக இருந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். தொப்பிக்காரரின் கிட்டாரில் வயிற்று ஓட்டைக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புத் தகடு எங்கள் கிட்டாரில் ஓட்டைக்கு மேலே இருந்தது. கம்பெனி வேறு, அமைப்பு வேறு என்று விட்டுவிட்டேன். போனில் ஒரு செயலி இருக்கிறது, கம்பியைத் தட்டினால் சரியா தப்பா என்று பச்சை விளக்குக் காட்டும். ஒவ்வொரு கம்பியையும் பச்சை வரும்வரை திருகினேன்.

இரண்டு மூன்று கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிப்பதற்கு அவர்கள் 'கார்டு' என்கிறார்கள். நான் பிடி என்றே சொல்கிறேன். முதல் பிடிக்கு வந்த சத்தத்தைக் கேட்டு, தலைக்குச் சாயம் போட்டுக் காத்திருந்த கணக்கு டீச்சர் ஏதோ கீழே விழுந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். அந்த டீச்சர் என்னுடைய பழைய கஸ்டமர். சாயம் ஊறுகிற நேரம் முழுக்க அவர்தான் என் ரசிகர். தப்பிக்க வழியில்லாத ரசிகர். மற்ற கஸ்டமர்களும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்கள். பார்த்த ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விரல் நுனி நாலும் சிவந்து, கன்றி, தோல் உரிந்தது. காரம் பட்டால் உயிர் போகும். அதனால் வீட்டில் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தேன். இதென்ன புதுப் பழக்கம் என்று அவர் கேட்டார், ஸ்டைல் என்று சொன்னேன். அப்புறம் நுனிகள் காய்த்துவிட்டன. தலை கழுவிவிடும்போது என் கை சொரசொரவென்று இருக்கிறது, ஆனால் சுகமாக இருக்கிறது என்றார் டீச்சர். கேட்டீர்களா, கிட்டாரால் தொழிலுக்கும் லாபம். விரல்கள் சீக்கிரமே பழகின. பழகாமல் என்ன செய்யும்? நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிற கை. கழுத்தைப் பிடிப்பதுதான் கஷ்டமான வேலை, அதைத் திறமையான கைக்குக் கொடுத்திருக்கிறார்கள், கம்பியைத் தட்டுகிற சுலபமான வேலையை மற்ற கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிட்டாரைக் கண்டுபிடித்தவன் புத்திசாலி என்று நான் மனசாரப் பாராட்டினேன்.

என்ன பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவருடைய அந்த மெட்டுதான். அதை எந்த இணையத்திலும் தேட முடியாது. ஆனால் இத்தனை வருஷம் துணி மடித்துக்கொண்டே கேட்டது என் காதில் இருந்தது. முனகிப் பார்ப்பேன், தொப்பிக்காரர் கற்றுக்கொடுத்த பிடிகளில் எது அதோடு ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். பொருந்தினால் உடம்பு சிலிர்க்கும். முக்கால்வாசி இப்படியே கிடைத்துவிட்டது. கடைசியில் ஒரு இடம் மட்டும் வழிக்கு வரவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்துகிற பிடி அது. தொப்பிக்காரரே அந்தப் பாடத்தில் முகத்தைச் சுளித்துக் காட்டினார். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார், நீயும் முயற்சி செய்தாய், போதும், விட்டுவிடலாமே என்று என் வீட்டுக்காரர் அந்த வாரம் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் மதியத்துக்குள் அந்தப் பிடி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு விடுமுறை. 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் திருப்பிவைத்து, தரையைக் கூட்டி, தலை பின்னி, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எனக்குப் பயம் இல்லை. வாத்தியக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு காலிப் பெட்டியோடு வந்தார். கிட்டாரை எடுத்துப் போகப்போகிறோம் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். பின்னாலேயே என் வீட்டுக்காரர். எங்கே உட்காருவது என்று தெரியாததுபோல் நின்றார். இரண்டு பேரையும் கஸ்டமர் நாற்காலிகளில் உட்காரச் சொன்னேன். நான் அவர்களுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, பழக்கப்படி கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர்களுக்கு என் முதுகு, கண்ணாடியில் என் முகம்.

வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் ஒரு கம்பி உறுமியது, நான் நிறுத்தவில்லை. மெட்டு எது என்று அவருக்குப் புரிந்த கணத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது, அதற்குப் பிறகு அசையவில்லை. கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிப் பிடியும் வந்தது. முழுசாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்து முடித்தேன். முடித்துவிட்டு, 'எனக்கு வராதா?' என்று கேட்கத் திரும்பி உட்கார்ந்தேன்.

கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க இடது கைப் பழக்கமா?"

"இல்லையே. எழுதறது, வெட்டறது, எல்லாம் வலதுதான்."

எழுந்து கிட்டே வந்து குனிந்து கம்பிகளைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். என்ன சிரிப்பு! மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர, கிட்டாரை நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்றார். கழுத்தைப் பிடிக்க வேண்டியது இடது கையாம், கம்பியைத் தட்ட வேண்டியது வலது கையாம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தானாம். கம்பி மாட்டியதும் தலைகீழாம், அந்த எலும்புத் துண்டை வேறு அரத்தால் ராவிக் கெடுத்துவைத்திருக்கிறேனாம், இனி இதை யாரும் வாங்க மாட்டார்களாம். போனில் இருக்கிறவர் எதிரே இருக்கிறார், அவருடைய இடது கை எனக்கு வலப்பக்கம் தெரியும், இது தெரியாதா என்றார். என் கையில் சீப்பு மட்டும் இருந்திருந்தால் அவர் மேல் பறந்திருக்கும்.

இருபது வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கு எந்தக் கை என்று தெரியாதா என்று நீங்களும் கேட்பீர்கள். எதிரேதானே உட்கார்ந்திருந்தேன்? கண்ணாடிக்கு முன்னால் பிழைப்பு நடத்துகிறவள் நான். எதிரே வலப்பக்கம் தெரிகிற கை எனக்கு வலது கைதான். அவருக்கு விரல் போனது இடது கையில் என்பது தெரியும். வாசிக்க இரண்டு கையும் வேண்டும், ஒன்று போனால் எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். அந்தக் கைக்கு என்ன வேலை என்று நான் ஏன் யோசிக்கப்போகிறேன்? உங்கள் வீட்டில் துணி பிழிகிறவர் எந்தப் பக்கமாக முறுக்குகிறார் என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

முகம் சுட்டது, உண்மைதான். ஆனால் ஒரு நிமிஷம்தான். "பாட்டு வந்துச்சா, இல்லையா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தது என்று ஒப்புக்கொண்டார். நல்லாவே வந்தது என்றார்.

"அப்புறம் என்ன?"

கடைக்காரரிடம் தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியபோது எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மனுஷர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. தலைகீழாக வாசித்தது கணக்கில் சேராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கிட்டார் அந்தக் காலிப் பெட்டிக்குள் போய்விடும். நான் பட்ட பாடெல்லாம் ஒரு சிரிப்புக் கதையாக முடிந்துவிடும். அவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"கத்தரி எந்தக் கையில பிடிப்ப?"

வலது கையை நீட்டினேன். அதைப் பிடித்து, காய்த்துப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இதற்குத்தான் ஸ்பூனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இது எல்லாம் இந்தக் கோடைக்குள்ளா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் கையை விடாமல் நின்றார்.

"அன்னிக்கு அவன் வந்து இதைத்தான் சொன்னான்" என்றார். "கையை மாத்திப் பிடிச்சு வாசிடான்னான். இந்த வயசுல கை பழகாது, பரிதாபப்பட்டு வந்து எதையாவது சொல்லாதேன்னு துரத்திட்டேன்."

டிரம்ஸ் கூட்டாளியின் செருப்பு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு வயசு இவரைவிட இரண்டுதான் குறைவு. இந்தக் கை மாற்று வேலை கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் பழகிவிட்டது. முக்காலியிலிருந்து எழுந்து அவரை அதில் கண்ணாடி பார்க்க உட்காரவைத்தேன். கிட்டாரை நான் பிடித்திருந்த வாக்கிலேயே அவர் மடியில் வைத்தேன். திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, அதைத்தான் நான் ஏற்கெனவே திருப்பிவைத்திருந்தேனே.

வலது கையைக் கழுத்தில் வைத்தார். இடது கையின் கட்டைவிரலால் கம்பியைத் தடவினார். 'டப்' என்றது. செத்த சத்தம். எத்தனை வருஷம் வாசித்த மனுஷர்! வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. கிட்டாரை இறக்கிவைக்கப்போகிறார் என்று தெரிந்தது. விட்டேனா நான்?

"நகம் இவ்வளவு இருந்தா கம்பி எப்படி அழுந்தும்? கையைக் குடுங்க" என்றேன்.

நகவெட்டியை எடுத்து அவர் எதிரில் மண்டியிட்டு, அந்த வலது கை விரல்களின் நகத்தை ஒட்ட வெட்டினேன். என் அரத்தாலேயே ஓரம் தேய்த்தேன். கடைக்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பெல்லாம் போய் உட்கார்ந்திருந்தார். விரலைக் கழுத்தில் பதித்திருக்கும் குறுக்குக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன், முழங்கையை உடம்போடு சேர்க்கச் சொன்னேன், தோளை இறக்கச் சொன்னேன். தொப்பிக்காரர் இதையெல்லாம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது, சத்தத்தைத்தான் அடைத்துவிட்டேனே. ஆனால் என் கைக்குத் தெரியும். மறுபடியும் கட்டைவிரலால் தடவினார். டப். இன்னொரு தடவை. டப். இன்னொரு தடவை தடவியபோது, நடுவிலிருந்து ஒரே ஒரு கம்பி சுத்தமாகப் பேசியது.

அவர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். எதிரே கண்ணாடி.

கண்ணாடியில் ஒரு மனுஷர் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். நான் இருபது வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த அதே மனுஷர். அதே பக்கம் நீண்ட கழுத்து, அதே பக்கம் சாய்ந்த தலை. கழுத்தைப் பிடித்திருந்த கையில் ஐந்து விரலும் இருந்தது.

அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் அவை ஒவ்வொன்றாக எழுந்தன. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாத மனுஷர். நான் எழுந்து பின்னால் போய் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் எழுந்து, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

அவர் அந்த ஒற்றைக் கம்பியை இன்னொரு தடவை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இது இறங்கியிருக்கு" என்றார்.

அன்று காலையில்தான் போனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் பச்சை விளக்கு வரும்வரை திருகியிருந்தேன். வேறு நேரமாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். இப்போது அந்தக் கம்பியின் முறுக்காணியைப் பிடித்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை திருகினேன்.